உறைந்து நிற்கும் திரை

தமிழ் கற்பிப்போர்க்கும் தரவுத்தளத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் வினவக்கூடும். அகராதி ஒன்றைக் கணினியில் ஏற்றியதுமே அவ்வுறவு தொடங்கிவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன.

நம் துறைக் கணினிகளில் சில ஆண்டுகள் இருந்த அகராதி மென்பொருள் ஒன்றில் 'அ' என்று தட்டித் தேடினால் திரை உறைந்துவிடும். எந்தப் பொத்தானும் இயங்காது. சற்று நேரத்தில் சாளரம் வெளிறி, 'பதிலளிக்கவில்லை' என்ற செய்தி மேலே தோன்றும். நம் மாணவியருள் பலர் கல்லூரிக்கு வந்த பிறகே விசைப்பலகையைத் தொட்டவர்கள். "ஐயா, நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். பிறகு அந்த அகராதியின் பக்கமே வரமாட்டார்கள். நிரலின் குறையைத் தம் குறையென அவர்கள் எடுத்துக்கொண்டதே நம்மை உறுத்தியது.

நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட முன்னாள் மாணவர் ஒருவர் காரணத்தை விளக்கினார். திரையை வரைவதும் பயனரின் சொடுக்கைக் கேட்பதும் ஒரே இழையின் பணி. நூலக முகப்பில் இருக்கும் ஒரே ஊழியர், உள்ளே சென்று ஆயிரம் நூல்களைச் சுமந்து வரப் புறப்பட்டால், முகப்பில் நிற்பவர்க்கு விடை சொல்வார் யார்? ஐந்து நொடிகள் செவி சாய்க்காத சாளரத்தை விண்டோஸ் செயலற்றதாகக் கருதிவிடுகிறது. பத்து நொடிகளைக் கடந்தால் பயனரின் கவனம் சிதறும் என்று ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதியிருக்கிறார்.

தேடும் பணியைத் தனி இழைக்கு மாற்றுவது முதல் தீர்வு. 2005ல் வந்த டாட்நெட் 2.0, இதற்கென்றே 'பேக்ரவுண்ட் ஒர்க்கர்' என்ற கருவியைத் தந்தது. 2012ல் சி ஷார்ப் மொழியில் 'அசிங்க்', 'அவெயிட்' என்ற சொற்கள் சேர்ந்தபின் பணி மேலும் எளிதாயிற்று. ஆயினும் இது மட்டும் போதாது. கொண்டுவந்த பல்லாயிரம் வரிகளையும் ஒருசேரப் பட்டியலில் கொட்டினால் திரை மீண்டும் உறையும். ஏனெனில் பட்டியலை நிரப்புவது திரைக்குரிய இழையே. கண்ணுக்கு ஒரு நேரத்தில் தெரிவன முப்பது, நாற்பது வரிகள்தாம். ஆகவே நூறு வரிகளாகக் கொண்டுவந்து, கடைசியாகக் காட்டிய சொல்லுக்கு அடுத்ததிலிருந்து தொடர்வதே முறை. தேடலை நிறுத்த ஒரு பொத்தானும் வேண்டும்.

இங்கேதான் தமிழுக்கே உரிய ஓர் இடர் குறுக்கிடுகிறது. யூனிகோடு எண்களின் வரிசை நம் அகரவரிசை அன்று. அகராதியில் 'அக்கா' முன்னும் 'அகம்' பின்னும் வரும். எண்வரிசையில் புள்ளி கடைசியில் இருப்பதால் 'அகம்' முந்திக்கொள்கிறது. னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால் 'அனல்' என்பது 'அப்பம்' என்பதற்கு முன் வந்து நிற்கிறது. தரவுத்தளத்துக்குத் தமிழ் வரிசை தெரியாதபோது நிரலாளர் என்ன செய்வார்? எல்லாச் சொற்களையும் நினைவகத்தில் ஏற்றித் தாமே வரிசைப்படுத்துவார். நம் அகராதி உறைந்ததன் மூலகாரணம் இதுவே.

நம் மாணவர் செய்த திருத்தம் சிறியது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் அகரவரிசை இடத்தைக் குறிக்கும் எண்ணொன்றைத் தனி நிரலில் முன்கூட்டியே எழுதிவைத்து, அந்த நிரலுக்குச் சுட்டுவரிசையும் அமைத்தார். இப்போது முதல் நூறு சொற்கள் தட்டியவுடன் வருகின்றன. எஞ்சியவை பட்டியலை நகர்த்த நகர்த்த வந்து சேர்கின்றன. தமிழுக்கு மென்பொருள் செய்யும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: திரையின் வண்ணத்தைத் தீர்மானிக்கும் முன் இந்த எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். அகராதியைத் தேடி வருபவர் அச்சமின்றி அடுத்த சொல்லையும் தேடட்டும்.