கம்பியில் போன ஸ்டேஷன்

போடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்டேஷன் என்றால் இரண்டு வகை. ஒன்று, மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயில் வந்து நிற்கிற ஸ்டேஷன். மற்றவை மலையில் இருந்தன. உச்சியில் டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், அடிவாரத்தில் கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று இன்னொரு பெயர். சந்தைக்கு இறங்கி வருகிற மலைக்காரர்களை எந்த ஊர் என்று கேட்டால் "சென்ட்ரல்" என்பார்கள், ஏதோ சென்னையில் ரயிலேறி வந்தவர்கள்போல. தண்டவாளமே இல்லாத இடத்துக்கு ஸ்டேஷன் என்று எதற்குப் பெயர்? தாத்தாவிடம் கேட்டேன். "அது கம்பியில போன ஸ்டேஷன்யா" என்றார்.

தாத்தா இளவட்டமாக இருந்த காலத்தில் கொட்டகுடியிலிருந்து போடிக்கு வண்டி ஓட்டியவர். வண்டியில் ஏற்றியது தேயிலைப் பெட்டி. அந்தப் பெட்டி வந்த வழியை அவர் சொன்னபோது கதை விடுகிறார் என்றுதான் நினைத்தோம். பிற்பாடு படித்துப் பார்த்ததில் அவர் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

மூணாறுப் பக்கம் கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை விளைந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதோ தூத்துக்குடியில். இடையில் மேற்குத்தொடர்ச்சி மலையின் செங்குத்தான கிழக்கு விளிம்பு. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் உருள, பெரிய சக்கரம் தரையில் உருளும், இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள், நீராவி எஞ்சின் ஓடியது. அது வந்து முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் ரயில் இறங்க முடியாது. ஆகவே அங்கிருந்து கொட்டகுடி வரை சுமார் 5 கிலோமீட்டருக்கு ரோப்வே. மலைச்சரிவில் தூண்களை நட்டு, இரும்பு வடத்தை இழுத்துக் கட்டி, பெட்டிகளை அதில் தொங்கவிட்டு இறக்கினார்கள். கொட்டகுடியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. 1928இல் போடிக்கு ரயில் வந்த பிறகு, அங்கிருந்து ரயில், பிறகு கப்பல், பிறகு இங்கிலாந்து.

இப்படிச் சரக்கை அந்தரத்தில் ஓட்டுகிற ஆசை அந்தக் காலத்தில் பல இடங்களில் இருந்தது. ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் மின்சாரத்தால் ஓடும் தொங்குவண்டி முறைக்கு டெல்ஃபரேஜ் என்று பெயர் வைத்தார். 1885இல் இங்கிலாந்தின் கிளைண்டில் களிமண் சுமக்க அப்படி ஒரு பாதை திறந்தார்கள். எங்கள் மலையில் இருந்தது மின்சார வண்டி அல்ல, வடமும் கப்பியும்தான். தாத்தா அதை "ரோப்பு" என்பார். "தேயில எறங்கும், அரிசி ஏறும். எறங்குற பாரம் ஏறுற பாரத்துக்குக் கை குடுக்கும்" என்று இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக அசைத்துக் காட்டுவார். ரோப்பு ஓடுகிற நாளில் காட்டுக்குள் நடந்தால் தலைக்கு மேலே கிறீச்சென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

1924 ஜூலையில் பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். குண்டளை ரயில் பாதை அதில் அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை. அதற்குப் பதிலாக மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கும் ரோப்வேயே வந்தது. பள்ளத்தாக்கில் ஓடிய ரயிலை வெள்ளம் கொண்டுபோகலாம், அந்தரத்தில் தொங்குகிற கம்பியை என்ன செய்யும்? பிறகு லாரி வந்தது, தார்ச்சாலை வந்தது. வெள்ளம் செய்யாததை லாரி செய்தது.

நான் பள்ளிப் பையனாக மலையடிவாரக் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறியபோது ரோப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கால்தடம். சென்ட்ரல் வந்ததும் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள், அதற்கு மேல்தான் உண்மையான ஏற்றம். எதிரே குதிரைகள் மூட்டையோடு இறங்கும். ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். புதருக்குள் சிமென்ட் மேடையும் துருப்பிடித்த இரும்பும் கிடந்தன. கூட வந்த பெரியவர் ஒருவர் அதைக் கைத்தடியால் தட்டிக்காட்டி, "இதுல ஒரு தேயிலப் பெட்டிகூட நடந்ததில்ல தம்பி. நடந்ததெல்லாம் மனுசந்தான்" என்றார்.

அந்தப் பேச்சின் எடை எனக்கு அப்போது தெரியவில்லை. தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் கீழ்நாட்டுத் தமிழர்கள். கங்காணி கூட்டிப்போக, பிள்ளையும் சட்டிபானையுமாக மலையேறியவர்கள். அவர்கள் சாப்பிடும் அரிசிக்குக் கம்பி இருந்தது, அவர்கள் பறித்த இலைக்குக் கம்பி இருந்தது. அவர்களுக்குக் கால் இருந்தது.

இன்று டாப் ஸ்டேஷன் சுற்றுலாத் தலம். மூணாறிலிருந்து ஜீப்பும் பஸ்ஸும் வரிசையாக வருகின்றன. பார்வை முனையில் நின்றால் தேனிச் சமவெளி முழுக்கக் கீழே விரியும். அந்த இடம் தமிழக எல்லைக்குள் இருப்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. போடியிலிருந்து வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, மூணாறு சுற்றி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர். குரங்கணி வழியாகச் சாலை வேண்டும் என்று எங்கள் ஊர் கேட்கிறது. காட்டை வெட்டக்கூடாது என்ற பதிலிலும் நியாயம் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறிகளைப் பலிகொண்ட பிறகு அந்தக் கால்தடத்திலும் கெடுபிடி கூடிவிட்டது.

போடிக்கு 2023இல் அகல ரயில் வந்துவிட்டது. ஊரே திரண்டு வரவேற்றோம். இங்கிருந்து மலைமேல் இருக்கிற ஸ்டேஷன்களுக்கு இன்னும் நேராக வண்டி போகவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் தேயிலைக்காக 5 கிலோமீட்டர் வழியைக் கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆட்களுக்கும் ஒரு வழி வேண்டும் என்பது மட்டும் அவர்கள் கணக்கில் வரவில்லை, பின்னால் வந்தவர்கள் கணக்கிலும்.