அன்று தொட்டது உண்மை

படம் எடுப்பதென்றால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். எங்கள் பகுதிப் பங்குத் தந்தை அந்த எண்ணத்தைப் போக்கினார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆல்பனி நகரின் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையார் சுமார் 1 லட்சம் டாலரில் எடுத்து 2006-இல் வெளியிட்ட ‘ஃபேசிங் தி ஜயன்ட்ஸ்’ படத்தைப் பற்றிச் சொன்னார். இயக்கிய அலெக்ஸ் கென்ட்ரிக்கே அதில் விளையாட்டுப் பயிற்சியாளராக நடித்தார். சபை மக்களே ஊதியமின்றி உழைத்தார்கள். அது 1 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததாம்.

“அவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து, நமக்குக் கபடி இருக்கிறதே!” என்றார் ஃபாதர்.

நான் நெற்றியில் திருநீறு பூசுகிறவன். “அழிக்க வேண்டுமா, ஃபாதர்?” என்றேன். “ஏன் தம்பி? அது பாட்டுக்கு இருக்கட்டும். உனக்குப் பிடி போடத் தெரியுமல்லவா, அது போதும்” என்று சிரித்தார்.

பெரம்பலூர் – அரியலூர் சாலையோரம் ஒரு பொட்டல்தான் எங்கள் ‘ஸ்டுடியோ’. கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் அண்ணன் ஒருவரின் கேமரா, இரண்டு நாள் வாடகைக்கு. வெயிலை முகத்தில் திருப்பிவிடத் தெர்மோகோல் அட்டை. சுண்ணாம்புத் தூளால் கோடு. எலுமிச்சைச் சோறு மாதர் சங்கத்தாருடையது. எங்களுக்கு வாய்த்த ஒரே வில்லன், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரி! வசனம் பேசும்போதெல்லாம் தவறாமல் ஹாரன் அடித்தது.

கதை சிறியது. பாடி வந்தவன் கதாநாயகனைத் தொட்டுவிடுகிறான். நடுவர் கவனிக்கவில்லை. கதாநாயகனோ தானே கையைத் தூக்கி, “நான் அவுட்” என்று வெளியேறுகிறான்; அவன் அணி தோற்கிறது. கதாநாயகன் நான். பாடி வருபவனாக நின்றவனைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வறண்டது.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு போட்டியின் கடைசி நிமிடத்தில் அவன் விரல் என் தோளில் பட்டது. நடுவர் பார்க்கவில்லை. “தொட்டேன் சார், தொட்டேன்” என்று கத்தினான். நான் வாய் திறக்கவில்லை. ஒரு புள்ளியில் வென்றோம். அவன் ஊரிலேயே அவனுக்குப் ‘புளுகன்’ என்று பெயர் விழுந்ததைப் பின்னால் அறிந்தேன்.

ஐந்து முறை எடுத்தும் என் வசனம் சரிவரவில்லை. “மனசிலிருந்து வரலியே தம்பி!” என்று அலுத்துக் கொண்டார் கேமரா அண்ணன். ஆறாம் முறை அவன் கண்ணைப் பார்த்தே சொன்னேன்: “என்னைத் தொட்டான். நான் அவுட்.” குரல் உடைந்தது. எல்லோரும் கைதட்டினர். அந்த நேரம் பார்த்து லாரி ஹாரன்! ஒலி கெட்டது, மறுபடி எடுத்தோம்.

அவன் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான்: “அன்னைக்கும் தொட்டேன்ல?”

“தொட்ட. எனக்குத் தெரியும்.”

“என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?”

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு ஊர்ப் பையன்கள் முன்னிலையிலும் சொன்னேன். சோற்றுத் தட்டோடு அனைவரும் பேசாமல் நின்றார்கள். எங்கள் கேப்டன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தக் கோப்பை இன்னும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில்தான் இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூசுகிறது.

கிறிஸ்துமஸ் இரவில் கோயில் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைத் திரையிட்டார்கள். அந்தக் காட்சிக்குப் பலத்த கைதட்டல். பக்கத்தில் இருந்த அவன் மட்டும் கைதட்டவில்லை. என் தோளில் ஒரு விரலை வைத்து எடுத்தான்.

நண்பர்களே, நடிப்பில் உண்மை சொல்வது எளிது. ஆட்டத்தில் சொல்வதுதான் கடினம். இனி அதற்கு ஆறு முறை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நம்புகிறேன்.