பொடோதின் முதல் பொங்கல் வரை

டிசம்பர் முதல் வாரத்தில் நானும் அம்மாவும் கொல்கத்தாவுக்கே திரும்பிவிட்டோம். என் பள்ளிப் பருவத்தில் பாதி இங்கே லேக் மார்க்கெட்டில் கழிந்தது. எண்பதுகளின் நடுவில் அப்பா வேலை பார்த்த நிறுவனம் ஊரை விட்டுப் போனபோது நாங்களும் சென்னைக்குப் போனோம். அந்தக் காலத்தில் அப்படிப் போன நிறுவனங்கள் பல, அவற்றோடு போன தமிழ்க் குடும்பங்களும் பல. இப்போது என் வங்கியில் மாற்றல் எந்த ஊருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். கொல்கத்தா என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பொடோதினுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடலாமா?”

கிறிஸ்துமஸைத்தான் வங்காளிகள் பொடோதின் என்கிறார்கள். நம் பக்கம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு எப்படி இருக்காதோ, அப்படி அன்றைக்கு இங்கே கேக் வாங்காத வீடு இருக்காது. வீட்டில் காளி படம் இருக்கலாம், துர்க்கை படம் இருக்கலாம், கேக் கட்டாயம் உண்டு. அதிலிருந்து புத்தாண்டைத் தாண்டி, ஜனவரி நடுவில் வரும் பௌஷ் சங்கராந்தி வரை மூன்று வாரமும் ஒரே பண்டிகைதான். குளிர்தான் அதற்குக் காரணம். ஆண்டின் பெரும்பகுதியைப் புழுக்கத்திலேயே கழிக்கும் ஊருக்குப் பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி என்பது பெரிய வரம். காதையும் கழுத்தையும் சேர்த்து மூடும் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, விடிகாலையில் ஏரிக்கரையில் நடக்கும் தாத்தாக்கள் முகத்தில் அப்படியொரு நிறைவு.

நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீடு, பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே அம்மா மார்க்கெட்டுக்குப் புறப்பட்டாள். வாழை இலை, கறிவேப்பிலை, தொடுத்த மல்லிகை, அரைத்துத் தரும் காபித்தூள் எல்லாம் கிடைக்கிற தென்னிந்தியப் பேட்டை அது. பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது மால் நிற்கிறது. ஆனாலும் அதைச் சுற்றிய நடைபாதையில் இலையும் பூவும் அப்படியே இருக்கின்றன. பூத்தொடுத்துக்கொண்டிருந்த வங்காளிப் பெண்ணிடம் அம்மா வங்காள மொழியில் விலை கேட்டாள். அவள் தமிழில் பதில் சொன்னாள். அவளுடைய மாமியார் இதே இடத்தில் கடை போட்டிருந்தாராம். எங்கள் தெருப் பெண்களிடம் பூ விற்றுப் பழகிய தமிழ் அது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஊருக்குப் போய்விட்டார்கள், அவர்கள் பேசியது மருமகள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று முதல் எதைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கண்தான். இந்த ஊரில் ஒரு பண்டிகையை உண்டாக்கியவர்கள் போய்விட்டாலும் பண்டிகை போவதில்லை. இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கேக் வாங்க நியூ மார்க்கெட் போனோம். 1874இல் திறந்த சிவப்புச் செங்கல் சந்தை. உள்ளே நாஹும்ஸ் கடை வாசலில் தொடங்கிய வரிசை நடைபாதைகளில் திரும்பித் திரும்பி வெகுதூரம் போயிருந்தது. நாஹும் இஸ்ரேல் மொர்தெகாய் என்ற பாக்தாத் யூதர் 1902இல் தொடங்கிய தொழில் இது. முதலில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர். இந்தச் சந்தைக்குள் கடை வந்தது 1916இல். ஒரு காலத்தில் கொல்கத்தாவில் சில ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். பிறகு இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பல்லாண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்த டேவிட் நாஹும் 2013இல் காலமானார். கடை நடக்கிறது. யூதர் கடையில், கிறிஸ்தவர் பண்டிகைக்கு, முஸ்லிம் தொழிலாளர்களும் சேர்ந்து சுடுகிற கேக்கை வாங்க இந்துக் குடும்பங்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், அவருடைய தாத்தா காலத்திலிருந்தே பொடோதினுக்கு இங்கேதான் கேக் என்றார். ஊரின் யூத வழிபாட்டுக் கூடங்களும் இருக்கின்றன, 1856இல் கட்டிய பெத் எல்லும் 1884இல் கட்டிய மகேன் டேவிட்டும். அவற்றைத் துடைத்துப் பெருக்கிக் காப்பவர்களும் முஸ்லிம்கள்தான். கேக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். உலர்பழம் நிறைந்த கனமான கேக். வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பார்க் ஸ்ட்ரீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2011 முதல் மாநில அரசு அங்கே கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறது. ஆலன் பார்க்கில் மேடை, பாட்டு, தெரு நெடுக விளக்குத் தோரணம், நகர முடியாத கூட்டம். அம்மா அங்கே பார்க்க விரும்பியது டிரிங்காஸ் வாசலை மட்டும். 1969இல், பட்டுப்புடவையும் பெரிய பொட்டும் பூவுமாக ஒரு தமிழ்ப் பெண் அங்கே ஆங்கிலப் பாட்டுப் பாடி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார். பிற்பாடு நாடறிந்த உஷா உதுப் அவர்தான். “கல்யாணமான புதுசுல உங்க அப்பா கூட்டிட்டு வந்தாரு. புடவை கட்டிக்கிட்டு உள்ளே போகலாமான்னு நான் தயங்கிக்கிட்டு நின்னேன். மேடையைப் பார்த்தேன். அப்புறம் எனக்கென்ன தயக்கம்?” என்றாள் அம்மா. விளக்கொளியில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நின்றவளை எந்தக் கூட்டத்தாலும் நகர்த்த முடியவில்லை.

என்னை அசைத்தது போ பேரக்ஸ். பௌபஜாருக்குப் பக்கத்தில் வரிசையாகச் சில மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள், பச்சை ஜன்னல் கதவுகள். முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகக் கட்டியவை. படை போனபின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. அவர்களிலும் பாதிக்கு மேல் கனடா, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். இப்போது சீனர், குஜராத்தி, வங்காளி எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் தெரு முழுக்க விளக்கு. நடுவில் மாதா கெபிக்கு எல்லா வீட்டாரும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வாசலில் மேசை போட்டு வீட்டு ஒயின், குல்குல், ரோஸ் குக்கி விற்கிறார்கள். ரோஸ் குக்கியைக் கையில் எடுத்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு. நம் ஊர் அச்சு முறுக்கேதான், அதே பூ அச்சு, அதே மொறுமொறுப்பு. மேசைக்குப் பின்னால் இருந்த பாட்டியிடம் அம்மா மாவுப் பக்குவம் கேட்டாள். பாட்டி தேங்காய்ப்பால் சேர்ப்பதாகச் சொன்னார். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைக்காவிட்டால் மாவு விடாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. “பிள்ளைகள் எல்லாம் பெர்த்தில். வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். டிசம்பரில் இந்தத் தெருவை விட்டு எங்கே போவது?” என்றார் பாட்டி.

இங்கே ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் அடுப்பு போதாத குடும்பங்கள் மாவு, முட்டை, வெண்ணெய், ஊறவைத்த பழம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பேக்கரிக்குப் போகிறார்கள். அங்கேயே கலந்து, தகரத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டு வைத்து, பெரிய அடுப்பில் சுட்டு வாங்கி வருகிறார்கள். செய்முறை வீட்டுடையது, நெருப்பு மட்டும் எல்லோருக்கும் பொது. சுடுபவர்கள் சில கடைகளில் முஸ்லிம்கள், சில கடைகளில் சிட்டகாங் பக்கத்திலிருந்து வந்த பௌத்த பருவாக்கள்.

டிசம்பர் 24 மாலை நாங்கள் போனது பேலூர் மடத்துக்கு. காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் தட்சிணேஸ்வரம் வரை ஒரே வண்டி. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் இங்கே ஓடத் தொடங்கியபோது அப்பா எங்களை எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை கூட்டிப்போனார், அவ்வளவுதான் அப்போது பாதை. தட்சிணேஸ்வரத்திலிருந்து படகில் கங்கையைத் தாண்டினோம். ஆரத்தி முடிந்ததும், ராமகிருஷ்ணர் கோயிலுக்குள் மரியன்னை மடியில் குழந்தை இயேசு இருக்கும் படம். பூமாலை, மெழுகுவத்திகள், முன்னால் கேக்கும் பழங்களும் நைவேத்தியம். காவி உடுத்த துறவிகள் கேரல் பாடினார்கள், இயேசு பிறந்த கதையை வாசித்தார்கள். இது யாரையும் மகிழ்விக்க அண்மையில் சேர்த்துக்கொண்டதல்ல. 1886 ஆகஸ்டில் ராமகிருஷ்ணர் மறைந்தார். அந்த டிசம்பரில் அவருடைய இளம் சீடர்கள் ஆந்த்பூர் என்ற கிராமத்தில் இரவு முழுக்க நெருப்பு வளர்த்துத் தியானத்தில் இருந்தார்கள். பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரர் இயேசுவின் வாழ்வைச் சொல்லச் சொல்ல, எல்லோரும் துறவு பூணுவதென்று உறுதி எடுத்தார்கள். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. மடத்தின் தொடக்கமே அந்த இரவில் இருக்கும்போது, கொண்டாடாமல் எப்படி இருப்பார்கள்? பிரசாதமாகக் கிடைத்த கேக் துண்டை அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள்.

ஜனவரி 1 அன்றும் ஊர் இரண்டாகப் பிரிந்து மகிழ்கிறது. ஒரு பாதி அலிபூர் மிருகக்காட்சிசாலையில் பூரியும் ஆரஞ்சும் கட்டிக்கொண்டு போய் உட்காரும். மறுபாதி காசிப்பூர் தோட்ட வீட்டில். 1886 ஜனவரி 1இல் ராமகிருஷ்ணர் அங்கேதான் அன்பர்களைத் தொட்டு ஆசி வழங்கினார். கல்பதரு நாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் இரண்டுக்கும் போகவில்லை, அம்மாவுக்குக் கால் வலி. ஜனவரி 6 ஆர்மீனியர்களின் கிறிஸ்துமஸ். படாபஜார் நெரிசலுக்குள் 1724இல் அவர்கள் கட்டிய தேவாலயம், ஊரிலேயே பழையது. அவர்களும் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள்.

கால்வலி சரியானதும், பொங்கலுக்கு வெல்லம் வாங்க ஜொய்நகர் போக வேண்டும் என்றாள் அம்மா. தாக்குரியாவில் முதல் லோக்கல் ரயிலைப் பிடித்தோம். சோனார்பூர், பாருய்பூர் தாண்டியதும் பனிக்குள்ளிருந்து ஈச்சமரங்கள் தெரிந்தன, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு மண்கலயம். நோலேன் குர் என்னும் புது வெல்லம் இந்த மரத்திலிருந்து வருகிறது. கழுத்தில் பட்டையைச் சீவி, மூங்கில் குழாயைச் செருகி, மாலையில் கலயம் கட்டுகிறார்கள். இரவெல்லாம் சொட்டுவதை விடிவதற்குள் இறக்குகிறார்கள். நம் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். இங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது. குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு தெளிவு, அவ்வளவு இனிப்பு. தொடர்ந்து இறக்கினால் சாறு தரம் கெடும் என்பதால், இடையிடையே மரத்துக்குச் சில நாள் ஓய்வு கொடுக்கிறார்கள். ஓய்வுக்குப் பின் முதலில் இறங்கும் சாற்றுக்குத்தான் மதிப்பு. ஒரு வீட்டு முற்றத்தில், அகலமான தட்டில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. காய்ச்சிக்கொண்டிருந்தவர், குளிர்நாட்கள் குறைவதையும் மகன்கள் மரம் ஏற மறுப்பதையும் சொன்னார். சந்தையில் சர்க்கரை கலந்த வெல்லம் மலிவாக வந்தபின் நல்ல வெல்லத்துக்கு உரிய விலை கேட்கவே கூச்சமாக இருக்கிறதாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். இரவுக் குளிரில் மரமேறி உழைத்த கைக்கு விலை பேசி இரண்டு ரூபாய் குறைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அம்மா அவர் சொன்ன விலையைக் கொடுத்து இரண்டு பானை வாங்கினாள். கனகசூர் நெல்பொரியை இந்த வெல்லத்தில் உருட்டிச் செய்யும் ஜொய்நகர் மோவாவும் ஒரு பெட்டி. 2015இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த வெல்லத்தில்தான் எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் பொங்கியது. பௌஷ் சங்கராந்தியும் பொங்கலும் ஒரே சூரியனைப் பார்த்து வருகிற நாட்கள். விடிகாலையில் அம்மா வாசலில் மாக்கோலம் இட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு வங்காளிப் பெரியம்மா, எங்கள் மாஷிமா, கதவைத் திறந்தார். அவர் கையிலும் அரைத்த அரிசி மாவுக் கிண்ணம், ஆல்பனா போட வந்திருக்கிறார். இருவரும் எதிரெதிரே குனிந்து தங்கள் தங்கள் வாசலை முடித்தார்கள். நடுவில் இருந்த மாடிப்படித் தளம் யாருடையது என்று பேச்சு வந்தபோது, சேர்ந்தே போடலாம் என்றார் மாஷிமா. பத்து மணிக்குத் தேங்காய்ப் பூரணம் வைத்த பாட்டிசாப்டா எங்கள் வீட்டுக்கு வந்தது, பொங்கல் அங்கே போனது. ஏலக்காய் மணத்துக்கு மேல் ஈச்ச வெல்லத்தின் புகைவாசம் எழுந்த அந்தப் பொங்கல், சென்னையில் நாங்கள் ஒருநாளும் சாப்பிடாதது. இனிமேல் எங்கள் வீட்டுப் பொங்கல் இதுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மாலையில் தெருப் பிள்ளைகள் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள், சரஸ்வதி பூஜைக்குச் சந்தா. அம்மா எவ்வளவு என்று கேட்டாள். பந்தல் எந்த மூலையில், சிலை எங்கிருந்து வருகிறது, கிச்சடிக்கு யார் பொறுப்பு என்று விசாரித்தாள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மேசையிலிருந்த இலந்தைப் பழத்தை அள்ளி நீட்டினாள். பிள்ளைகள் பதறிப் பின்வாங்கினார்கள். பூஜையில் படைக்காமல் இலந்தை தின்றால் பரீட்சையில் தேற முடியாது. அம்மா அதைக் கேட்டதும், “ஆமாமா, மறந்தே போச்சு” என்று சொல்லி முழுக் கூடையையும் பூஜைக்கென்று அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.