பாட்டியின் ஏழாவது ஆடு

கெடாவின் திகாம் பத்துவிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில் முந்தின இரவு பெய்த மழை தேங்கிக் கிடந்தது. பழைய லயன் வீடுகளுக்குப் பின்னால், ஆட்டுக்கொட்டகையை ஒட்டிய வாழைமரத்தடியில், கறுப்புக் கிடா ஒன்றைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் செத்த ஆடுகளில் அது ஏழாவது.

ஆட்டுக்குச் சொந்தக்காரப் பாட்டி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா வண்டியிலிருந்து இறங்கி, முதலில் பாட்டியிடம்தான் போனார். அவரும் கெடாவில் ஒரு தோட்டத்துப் பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் படித்து, செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் முடித்து, நோய்க்குறியியலைத் தேர்ந்தெடுத்தவர். செத்த விலங்கை அறுத்து எதனால் செத்தது என்று சொல்வதுதான் அந்தத் துறை. ஆடு, மாடு, கோழி, மிருகக்காட்சிசாலைக் குரங்கு, ரோட்டில் அடிபட்ட காட்டுப்பூனை எல்லாம் அவருடைய மேசைக்கு வரும். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

"இதுக்கு முன்னாடி செத்ததையெல்லாம் என்ன பண்ணீங்க பாட்டி?"

"ரெண்ட பொதைச்சோம். ரெண்ட தாத்தா ஆத்துல விட்டுட்டாரு. மத்த ரெண்டும் இழுத்துக்கிட்டுக் கெடக்கறப்பவே அறுத்துட்டோம் டாக்டரம்மா. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தோம்."

டாக்டரம்மா கடிந்துகொள்ளவில்லை. "அறுத்தது யாரு? கையில காயம் ஏதும் இருந்துச்சா? தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆடு செத்த இடத்தில் தாத்தாவின் சர்க்கரையைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நானும் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவன். என் சிறுவயதில் எங்கள் லயத்திலும் சாகக் கிடந்த ஆட்டை அறுத்துப் பங்கு போட்டிருக்கிறோம். அது பேராசை இல்லை. ஒரு ஆடு என்பது பள்ளிக்கூடச் செலவு, தீபாவளிச் செலவு. மண்ணில் போட யாருக்கு மனசு வரும்?

கையுறை இரண்டு அடுக்கு, முகக்கவசம், கண்ணாடி, முட்டிவரை ரப்பர் பூட்ஸ். உடனே கத்தியை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. ஆட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் மூன்றையும் குனிந்து பார்த்தார். உறையாத கறுத்த ரத்தம் வழிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அப்படி இருந்தால் உடலைத் திறக்கவே கூடாது, திறந்தால் அந்தக் கிருமி விதைபோல மண்ணில் இறங்கிப் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, கொண்டுவந்திருந்த சிறு நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் உதவியாளரிடம் தலையசைத்தார்.

உதவியாளர் ஒரு மலாய்க்காரர், இருபது ஆண்டுக்கு மேல் இதே வேலை. அவருடைய கத்தி தீட்டித் தீட்டி அகலம் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஆட்டை இடப்பக்கம் கீழே வரும்படி கிடத்தினார். அசைபோடும் விலங்கின் பெரிய இரைப்பை இடப்பக்கம் இருப்பதால், அப்படிப் படுக்கவைத்தால்தான் அது மற்ற உறுப்புகளை மறைக்காது. முன்னங்காலைத் தூக்கி அக்குளில் ஒரு வெட்டு, பின்னங்காலை இடுப்பு மூட்டில் கழற்றி ஒரு மடிப்பு, பிறகு தோலைப் பின்னுக்குத் தள்ளி வயிற்றின் ஓரமாக ஒரு நீண்ட கோடு. குடலில் கத்தி படவே இல்லை. பேச்சும் இல்லை. டாக்டரம்மா கையை நீட்டும்போது அவருக்கு வேண்டியது அந்தக் கையில் இருந்தது.

மண்ணீரலைக் கண்டதும் இருவரும் நின்றுவிட்டார்கள். வழவழவென்று இருக்க வேண்டிய உறுப்பு, மொச்சைக்கொட்டை அளவு கட்டிகளால் புடைத்திருந்தது. ஒன்றைக் கீறியபோது வெண்ணெய் நிறத்தில் சீழ் வந்தது. நுரையீரலிலும் அப்படியே. ஆடுகளுக்குச் சீழ்க்கட்டி வரும் நோய்கள் வேறும் உண்டு. ஒன்றில் சீழ் நிணநீர்க் கணுக்களில் இறுகி, வெட்டினால் வெங்காயம் மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். இதில் வளையம் இல்லை. "மண்ணுல இருக்கறதுன்னு சந்தேகமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மெலியோய்டோசிஸ். தமிழில் இதற்குப் புழக்கத்தில் ஒரு பெயர் கிடையாது. அதுவே ஒரு குறை என்று நினைக்கிறேன். பெயர் இல்லாத நோயைப் பற்றி லயத்தில் யார் யாருக்குச் சொல்லி எச்சரிப்பது? வெப்பநாட்டு ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் பாக்டீரியா. மழைக்காலத்தில் மேலே வரும். காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். காசநோய் மாதிரி, நிமோனியா மாதிரி, சாதாரணக் கட்டி மாதிரி வேஷம் போடும். பென்சிலினுக்கு அடங்காது.

இதைக் கண்டுபிடித்த கதை பிணவறையில் தொடங்குகிறது. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்பிரட் விட்மோர், தம் உதவியாளர் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து, அபினிச் சத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு தெருவில் கிடந்து செத்தவர்களின் உடல்களை அறுத்தபோது, நுரையீரலிலும் மண்ணீரலிலும் அதுவரை யாரும் எழுதாத கட்டிகளைக் கண்டார். 1912இல் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. அடுத்த கட்டம் நம் நாட்டில்தான். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் ஆராய்ச்சிக்காகக் கூண்டில் வளர்த்த முயல்களும் கினிப்பன்றிகளும் செத்து விழுந்தன. காரணம் ரங்கூன் கிருமியேதான் என்று தெரிந்தது. அந்தக் கழகத்தின் ஸ்டான்டனும் பிளெட்சரும் 1921இல் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். மனிதனைக் கொல்லும் ஒரு மலாயா நோயைக் கூண்டு முயல்கள் காட்டிக்கொடுத்தன.

கெடாவுக்கு இது பழங்கதை இல்லை. அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை பதிவான 145 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 16 பேருக்கு இது வருவதாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். பாதிக்கும் மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயாளிகள். டாக்டரம்மா தாத்தாவின் சர்க்கரையைக் கேட்டதற்கு அர்த்தம் இங்கே இருந்தது. இந்த நாட்டில் சர்க்கரை நோய் அதிகம் உள்ள இனம் இந்தியர்களாகிய நாம். வெறுங்காலோடு ஈரக்கொட்டகையில் நிற்பவர்களும் நாம்.

மறுவாரம் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஃபார்மலினில் ஊறிய துண்டுகள் சாராயத்தில் நீர் இழந்து, மெழுகில் அமிழ்ந்து கட்டிகளாகியிருந்தன. அவற்றைச் சீவுவது ஒரு தங்கச்சியின் வேலை. மைக்ரோட்டோம் என்னும் சீவும் கருவியின் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, மெழுகு நாடாவாக இறங்கியது. தடிமன் ஐந்து மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. "மூச்ச விட்டா பறந்துரும் சார்" என்றார். தூரிகை நுனியால் அதைத் தூக்கி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் தகட்டை அடியில் கொடுத்து அள்ளினார். ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து எடுக்கும் சாயம் உயிரணுவின் கருவை நீலமாக்கும். இன்னொரு சாயம் மற்றதை ரோஜா நிறமாக்கும். அந்தத் தங்கச்சியின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. அவர் ஒரு சுருக்கம் விட்டால் டாக்டர் அதை நோய் என்று படித்துவிடக்கூடும்.

பக்கத்து அறையில் கிருமி வளர்ப்பு. மூடிய பாதுகாப்புப் பெட்டிக்குள் இருந்த தட்டுகளில் ஊதா நிறத்தில் சுருங்கிய பூப்போல் கிருமிக் கூட்டங்கள் வளர்ந்திருந்தன. மண்வாசனை வருமாம். முகர்ந்து பார்க்கவே கூடாது என்பது இங்கே முதல் பாடம். சந்தேகம் உறுதியானது.

தேநீர் நேரத்தில் டாக்டரம்மா நிப்பா வைரஸைப் பற்றிப் பேசினார். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய காய்ச்சலுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பெயர் வைத்து, மாதக்கணக்கில் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே செத்தவர்களோ பன்றிப்பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். சீனர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் செத்தார்கள். பண்ணைகளில் பன்றிகள் குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 சாவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பிறகு சுவா தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விழுந்த சிறுநீரையும் கடித்துப்போட்ட நீர்க்கொய்யாவையும் சேகரித்து, வைரஸின் வீடு எது என்று காட்டினார்.

"பன்றி இருமினப்பவே அதை ஒழுங்கா அறுத்துப் பாத்திருந்தா எத்தனை பேர் பொழைச்சிருப்பாங்க? தப்பான பேர் வெச்சதுக்கு நாம கொடுத்த விலை அது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கோப்பையைக் கீழே வைத்தார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

காட்டு விலங்குகளைப் பற்றியும் கேட்டேன். 2019 ஜூலையில் திரெங்கானு டுங்குனில் ஒரு புலி பயமில்லாமல் கிராமத்துக்குள் திரிந்தது. பிடித்து, அவாங் பெசுல் என்று பெயரிட்டு, பேராக் சுங்காய் வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்தது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். மூளையைத் தாக்கியதால்தான் மனிதனைக் கண்டும் அது ஒதுங்கவில்லை. நம் தெருநாய்க்குப் போடாத தடுப்பூசிக்கும், காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை நாட்டுக்குக் காட்டியது அந்தச் சாவு.

பாட்டியின் தோட்டத்துக்குத் திரும்பவும் போனோம். குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஆடுகளுக்கு ரத்தப் பரிசோதனை. கொட்டகையை மேட்டில் மாற்றிக் கட்டச் சொன்னார்கள். தாத்தாவை அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்ததில் அவருக்குக் கிருமி இல்லை. குதிகாலில் வெடிப்பு இருந்தது. டாக்டரம்மா தம் வண்டியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். "இத மாட்டாம கொட்டாய்க்குள்ள போகக்கூடாது தாத்தா" என்று இரண்டு முறை சொன்னார்.

ஆடு மாடு வளர்க்கும் நம் வீடுகளுக்குச் சொல்கிறேன். காரணம் தெரியாமல் ஒன்று செத்தால் கத்தியை எடுக்காதீர்கள், ஆற்றில் விடாதீர்கள், பங்கு போடாதீர்கள். மாவட்டக் கால்நடை இலாகாவுக்குப் போன் செய்யுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் ஆடு செத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.