கரண்ட் இல்லாத ராத்திரிக்கு ஒரு குட்டி ஃபேன்

2012-ஆம் வருஷத்தைத் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே கழித்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. பகல், ராத்திரி என்ற கணக்கே கிடையாது! வசதி இருந்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். படி ஏற முடியாத வயதானவர்கள்தான் பாவம், கீழேயே கிடந்து புழுங்கினார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், அப்போது தன் ஆச்சிக்காக ஒரு பேட்டரி ஃபேன் செய்தான். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. உடைந்த பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டார், ஒரு சுவிட்ச், நிற்க வைக்கப் பழைய சிடி. வாட்டர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, மூடியோடு சேர்த்து நான்கு இறக்கை. மூடியின் நடுவில் சூடான ஊசியால் துளை போட்டு மோட்டாரின் கம்பியில் இறுக்கிவிட்டால் முடிந்தது. துளை சரியாக நடுவில் விழ வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் விலகினாலும் ஃபேன் மேஜை மேல் நடனமாடும்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. ஆனால் காற்று சுவர்ப் பக்கம் போனது! இந்த வகை மோட்டாரில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் போதும், எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அது சுலபமான பாடம். கஷ்டமான பாடம் பேட்டரியில் வந்தது.

அதிக வோல்ட் என்றால் அதிகக் காற்று என்று நினைத்து அவன் 9 வோல்ட் சதுர பேட்டரியைப் போட்டிருந்தான். மோட்டார் அலறியது. ஆச்சி படுத்தபடியே, "ஏல, இதுல காத்து வருதா, சத்தம் மட்டும் வருதா?" என்று கேட்டாள். அரை மணி நேரத்துக்குள் மோட்டார் கொதித்தது, பேட்டரியும் படுத்துவிட்டது.

காரணம் எளிது. அந்தச் சதுர பேட்டரிக்குள் ஆறு குட்டி செல்கள் இருக்கின்றன. வோல்ட் கூடுதல், சரக்கு குறைவு. நல்ல அல்கலைன் வகையிலேயே சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணிதான். பென்டார்ச் செல் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட்தான் என்றாலும், அல்கலைன் என்றால் 2000-க்கு மேல் இருக்கும். ரீசார்ஜபிள் செல்லிலும் 2000 கிடைக்கும். மோட்டார் 400 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐந்து மணி நேரம்! இரண்டு செல்களை வரிசையாகப் போட்டால் பொம்மை மோட்டாருக்கு வேண்டிய வோல்ட் வந்துவிடும். சார்ஜ் ஏற்றவும் கரண்ட் வேண்டுமே என்பதுதான் வேடிக்கை. அதனால் அவன் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டான்.

இறக்கையைப் பெரிதாக்கினால் காற்று கூடும் என்பதும் பாதி உண்மைதான். பாரம் கூடக் கூட மோட்டார் மெதுவாகும், அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும். கை தொட முடியாத அளவு சூடானால் இறக்கையைக் கத்தரிக்க வேண்டியதுதான்.

இவ்வளவு செய்தும் காற்று ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. இங்கேதான் பலரும் மறந்துவிடும் விஷயம் வருகிறது. ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை! அதன் முன்னால் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், அளவு இறங்காது. நம் தோலில் இருக்கும் வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஃபேன் அந்த வேலையை வேகப்படுத்துகிறது, அவ்வளவே. வயதானவர்களுக்கு வியர்ப்பதே குறைவு. அதனால் அதே காற்று பேரனுக்கு ஜில்லென்று இருக்கும், ஆச்சிக்கு ஒன்றும் தெரியாது.

வழி என்ன? ஈரத்துண்டு! கழுத்திலும் கையிலும் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டுவிட்டு அதன் மேல் காற்று படுமாறு ஃபேனைப் பக்கத்தில் வைத்தான். வியர்வை செய்ய வேண்டியதைத் தண்ணீர் செய்தது. "கழுத்துப் பக்கமா வைல, மூஞ்சியில அடிச்சா கண்ணு எரியுது" என்றாள் ஆச்சி. கொஞ்ச நேரத்தில் தூங்கியும்விட்டாள். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் இந்த உபாயம் இவ்வளவு நன்றாக வேலை செய்யாது.

ராத்திரிக்குச் சரி, சித்திரை மாத மத்தியானத்தில் இதை நம்பக்கூடாது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த நேரத்தில் நிழலான அறை, குடிக்கத் தண்ணீர், ஈரத்துணி இவைதான் முக்கியம்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் பழைய மொபைல் பேட்டரியைப் பிரித்து இதில் மாட்ட வேண்டாம். அதன் இரண்டு முனைகளும் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும். பென்டார்ச் செல்லே போதும். கோடை முடிந்ததும் செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒழுகி ஹோல்டர் முழுக்கப் பூத்துப்போயிருக்கும்.