எங்க தோட்டம் ஒரு புள்ளி

போன வாரம் காப்பி வாங்குற கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். தோட்டத்து நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். "மரம் அடர்த்தியா இருக்குங்கய்யா, சிக்னல் கிடைக்கல" என்றான். பத்து நிமிஷம் கழித்து ஒரு புள்ளி விழுந்தது. தாண்டிக்குடி மலையில் எங்க அப்பா நட்ட மூணு ஏக்கர் அராபிகா அதுதான்.

நம்ம நாட்டுக் காப்பியில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குத்தான் போகுது. இத்தாலி, ஜெர்மனிக்காரங்க அதிகம் வாங்குறாங்க. ஐரோப்பாவில் 2023-ல் ஒரு சட்டம் போட்டாங்க. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழிச்ச நிலத்தில் விளைஞ்ச காப்பி அங்கே நுழையக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் புள்ளி. 4 ஹெக்டேருக்கு மேலே இருந்தா எல்லையையே வரைஞ்சு கொடுக்கணும். 2024 கடைசியில் அமலுக்கு வரவேண்டியது, தள்ளிப்போச்சு. வாங்குறவங்க இப்பவே கேட்கிறாங்க.

"கிலோவுக்கு எவ்வளவு கூடக் கிடைக்கும் தம்பி?"

"கூட ஒண்ணும் இல்லீங்கய்யா. இது இல்லாட்டி எடுக்க மாட்டாங்க."

சரி, போகட்டும். காட்டை அழிக்காதேன்னு சொல்றதில் எனக்குச் சண்டை இல்லை. அடுத்து அவன் பட்டா கேட்டான். அங்கேதான் மாட்டிக்கிட்டேன். அது கூட்டுப் பட்டா. அண்ணன் பேரும் இருக்கு. கையெழுத்து வேணுமாம். அண்ணனும் நானும் பேசிப் பல வருஷம் ஆச்சு.

மகள் கல்யாணத்துக்கு சில்வர் ஓக் மரங்களை வித்துடலாம்னு அண்ணன் கேட்டார். நான் முடியாதுன்னுட்டேன். நிழல் போனா வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஏறும், செடி பட்டுப்போகும். அது உண்மைதான். ஆனா அவர் வட்டிக்கு வாங்கிக் கல்யாணத்தை முடிச்சதும் உண்மை. நான் பந்தியில் ஓரமா உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வந்தேன். அந்தச் சாப்பாடு இன்னும் தொண்டையில் நிக்குது.

மூணு நாள் யோசிச்சு, மதுரைக்கு போன் போட்டேன். பட்டா, புள்ளி, ஐரோப்பா எல்லாம் சொன்னேன். அண்ணன் ஒண்ணும் பேசலை. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன்.

"மரமெல்லாம் நிக்குதாடா?"

"நிக்குதுண்ணே."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். வத்தலக்குண்டுக்கு வண்டி கொண்டு வந்துடு. எனக்கு இப்ப முழங்கால் முடியல."

முழங்கால் வலி எனக்குத் தெரியவே தெரியாது.