பன்னிக்கு எந்த ரைஃபிள் நல்லதுண்ணே?

உங்க வீட்டுல பன்னிரண்டு வயசுல ஒரு தம்பி இருக்கான்னு வச்சுக்கோங்க. அவன் ஒருநாள் வந்து, "எனக்கு முதல்ல வாங்குறதுக்கு எந்த ரைஃபிள் நல்லது?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க? ஏதோ மொபைல் கேம்னு நினைச்சு, வாய்க்கு வந்த பேரைச் சொல்லி அனுப்பிருவீங்க. நானும் முதல்ல கேம்னுதான் நினைச்சேன்.

போன நவம்பர்ல ஸ்டடி லீவுக்கு எட்டயபுரம் போயிருந்தேன். சித்தி மகன் அங்கதான் ஏழாவது படிக்கிறான். பாரதி மணிமண்டபம் பக்கம் சைக்கிளை நிறுத்திட்டு என் போனை வாங்கி ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவுல ஒரு அப்பா தன் பையனுக்கு மான் வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்கக் கடைக்குப் போறார். பையனுக்கும் இவன் வயசுதான் இருக்கும்.

"இதுல நம்ம பன்னிக்கு எது சரிப்படும்ணே?"

"ஏல, உனக்கு எவன்ல துப்பாக்கி தருவான்?"

"எனக்குத் தர மாட்டான். லைசென்ஸுக்கு 21 வயசு முடியணும். உனக்குத்தான் போன மாசம் முடிஞ்சிருச்சுல்ல. உன் பேர்ல வாங்கு, நான் சுடுதேன்."

சட்டத்தைக் கூட பாத்து வச்சிருக்கான். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயசு நிறையாதவங்களுக்கு உரிமம் கிடையாதுங்கிறது சரிதான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கூடவே மெக்கானிக்கல் படிக்கிறவன் புத்தியும் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தெர்மல் புத்தகத்தை மூடி வச்சுட்டு எக்செல்லைத் திறந்தேன்.

விஷயம் உண்மையிலேயே சுவாரசியமானது. சின்னப் பிள்ளைக்கு ரைஃபிள் தேர்வு செய்றவங்க முதல்ல பாக்குறது அளவை. கட்டையோட பின்முனை தோள்ல பதியணும், விரல் விசையைத் தொடணும், அதே நேரம் கழுத்தை நீட்டாம கண்ணு குறிக்கு நேரா வரணும். பெரியவங்க அளவுக் கட்டை பிள்ளைக்கு நீளமா இருக்கும். அதனால சின்னக் கட்டை போட்ட மாடல்களைத் தனியாவே விக்கிறாங்க.

அடுத்தது பின்னுதைப்பு. பள்ளிக்கூடத்துல படிச்ச உந்த அழிவின்மை விதிதான். குண்டும் வெடிவாயுவும் முன்னால போற உந்தத்துக்குச் சமமா துப்பாக்கி பின்னால வரும். அங்க பிள்ளைங்களுக்கு அதிகம் சிபாரிசு பண்றது .243 வின்செஸ்டர். குண்டு 6.5 கிராம், வேகம் நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர். துப்பாக்கி 3.2 கிலோன்னு வச்சா தோள்ல வந்து இடிக்கிற ஆற்றல் சுமார் 14 ஜூல். பெரியவங்க வேட்டைக்கு எடுக்கிற .30-06-க்கு இதே கணக்கைப் போட்டா 30 ஜூல் கிட்ட வருது. ஒருதடவை அந்த இடி வாங்கின பிள்ளை, அடுத்த தடவை விசையை இழுக்கும் முன்னாடியே கண்ணை மூடி உடம்பை இறுக்கிக்கும். குறி தவறும். மிருகம் சாகாது, காயத்தோட ஓடும். காயம்பட்ட காட்டுப்பன்னி திரும்பி வந்தா என்ன ஆகும்னு எங்க ஊர்ல யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இதையெல்லாம் மறுநாள் தம்பிக்குச் சொன்னேன். ஆன்னு கேட்டான். ஜிம் கார்பெட் கதையும் சொன்னேன். கவண், உண்டிவில்னு ஆரம்பிச்சு, ஒரு குழல் பிளந்துபோன பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியோட காட்டுக்குள்ள போன சிறுவன் அவர். அந்த வயசுலயே, பள்ளிக்கூடப் படைப்பயிற்சிக்கு வச்சிருந்த மார்ட்டினி ரைஃபிளை வாங்கிட்டுப் போய் சிறுத்தையைச் சுட்டார். பின்னாள்ல அவரே வேட்டையைக் குறைச்சுட்டு கேமராவைத் தூக்கினார். ஆனா தம்பி காதுல விழுந்தது சிறுத்தை மட்டும்தான்.

மூணாம் நாள் தாத்தா புஞ்சைக்குப் போனோம். ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம், பால் பிடிக்கிற பருவம். சித்தி நகையைச் சங்கத்துல வச்சு விதையும் உரமும் வாங்கிப் போட்டது. தெற்கு மூலையில பாதி ஆள் உயரத்துல ஒடிஞ்சு கிடந்துச்சு. பன்னி ஒரு கதிரைத் தின்ன பத்து தட்டையைச் சாய்க்கும். பகலெல்லாம் ஓடைக்குள்ள சீமைக்கருவேலத்துல படுத்துட்டு இருட்டினதும் கூட்டமா ஏறிவரும்.

தம்பி வரப்புல குப்புறப் படுத்து, கையையே துப்பாக்கியாக்கிக் குறி பாத்தான். நானும் பக்கத்துல படுத்து அவன் பாக்குற திசையில பாத்தேன். அப்பத்தான் என் எக்செல்ல இல்லாத ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. பன்னிக்குப் பின்னால என்ன இருக்கு?

கரிசக்காடு உங்களுக்குத் தெரியும்ல? பலகை மாதிரி கிடக்கும். அமெரிக்கக்காரன் மரத்துல பரண் கட்டி மேல இருந்து கீழ சுடுறான், தப்பின குண்டு மண்ணுல இறங்கிரும். இல்லன்னா பின்னால ஒரு மேடு இருக்கான்னு பாத்துட்டுச் சுடுறான். இங்க தரையில படுத்துச் சுட்டா குண்டு ரெண்டு மூணு கிலோமீட்டர் போகும். அந்தத் திசையில யாரோ ஒருத்தர் மிளகாய்க்குக் காவல் படுத்திருப்பார். அதுக்கப்புறம் ஊர். எந்த மாடல் வாங்கினாலும் இந்த நிலத்துக்கு அது ஒத்துவராது.

அதைச் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்னியை நாமளா சுட முடியாது. 2025 ஜனவரியில தமிழக அரசு அறிவிச்சபடி, காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிக்க மட்டும் செய்யலாம். 3 கிலோமீட்டர் தாண்டி வந்த பன்னியை வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். லைசென்ஸ் என் பேர்ல வாங்கி அவன் கையில கொடுத்தா கம்பி எண்ணப்போறது நான்தான்.

அவன் எந்திரிச்சு சட்டையில ஒட்டின மண்ணைத் தட்டினான். முகம் சின்னதாப் போச்சு.

"அப்ப தாத்தா கம்பி போட்டுருவாருண்ணே."

"என்ன கம்பி?"

மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், சாக்கு போட்டு மூடியிருந்த ஒரு கம்பிச் சுருளைக் காட்டினான். பம்ப்செட்டுக்கு வர்ற லைன்ல இருந்து வேலிக்குக் கரண்ட் கொடுக்கத் தாத்தா வாங்கி வச்சது.

"காலைல முதல்ல புஞ்சைக்கு வர்றது நானும் மணியும்தானண்ணே." மணி அவன் நாய். "தாத்தா ஆஃப் பண்ண மறந்துட்டா?"

ரெண்டு நாளா நான் கட்டை நீளமும் ஜூலும் பேசிட்டிருந்திருக்கேன். அவன் கேட்டது அது இல்லை. கம்பிக்குப் பதிலா வேற என்ன இருக்குன்னு கேட்டிருக்கான். அவனுக்குத் தெரிஞ்ச ஒரே 'வேற' அந்த வீடியோவுல இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி தாத்தாகிட்ட உக்காந்தேன். முதல்ல காது கொடுக்கலை. "எல்லாப் பயலும்தான் போடுதான்"னார். சோலார் வேலிக்கும் கரண்ட் வேலிக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குப் புரியிற மாதிரி சொல்லப் பாத்தேன். சோலார் வேலியில வோல்டேஜ் ஆயிரக்கணக்குல இருந்தாலும் ஷாக் நொடிக்கு ஒருதடவை சுண்டிவிட்ட மாதிரி வந்து போயிரும். தொட்டவங்க கையை எடுத்துக்க நேரம் இருக்கு. 230 வோல்ட் லைன் அப்படியில்லை, தசையை இறுக்கிப் பிடிச்சுக்கும். விடாது. பன்னின்னு பாக்காது, நாய்னு பாக்காது.

"அவனே சொன்னானா?"ன்னு மட்டும் கேட்டார். ஆமான்னேன். அதுக்கப்புறம் எதுவும் பேசலை. மறுநாள் கம்பிச் சுருள் மோட்டார் ரூம்ல இல்லை. கடையில திருப்பிக் கொடுத்தாரா, வேற யாருக்கும் வித்தாரான்னு நான் கேக்கலை.

சோலார் வேலிக்கு உடனே காசு இல்லை. வீட்டுல, பக்கத்து வீடுகள்ல கிடந்த பழைய சேலைகளை வாங்கிப் புஞ்சையைச் சுத்திக் கட்டினோம். நான் ஒரு பிஐஆர் சென்சார், பழைய பைக் ஹார்ன், பேட்டரி மூணையும் சேர்த்து ஓடைப் பக்கம் வச்சேன். எட்டு நாள் பன்னி வரலை. ஒன்பதாவது நாள் ஹார்ன் அலறினபடி இருக்க வந்து தின்னுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருதடவை இடத்தை மாத்துறது தம்பி வேலையாச்சு. பக்கத்துப் புஞ்சைக்காரங்க மூணு பேரோட தாத்தா முறை வச்சு ராக்காவல் படுத்தார். பயிர்ச் சேதத்துக்கு மனு எழுதி வனத்துறைக்குக் கொடுத்தோம், இன்னும் பதில் வரலை. ரெண்டு ஏக்கர்ல கால்வாசி போச்சு. முக்கால்வாசியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

தம்பிக்குத் துப்பாக்கி ஆசை போயிருச்சான்னு கேட்டா, இல்லை. உரிமம் தேவைப்படாத 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள் இருக்கு, அதோட வரம்பு 20 ஜூல்தான்னு கண்டுபிடிச்சுட்டான். பன்னிக்கு அது கொசுக்கடி, குருவி அடிக்கத்தான் உதவும், குருவியை அடிக்கிறதும் தப்புன்னு சொல்லி வச்சிருக்கேன். எட்டாவது போனதும் என்சிசியில சேரப் போறானாம். அங்க .22 ரைஃபிள்ல சுடக் கத்துக் கொடுப்பாங்க. பின்னால மண்மேடு இருக்கும், பக்கத்துல உஸ்தாத் இருப்பார். சேரட்டும். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு முதல் ரைஃபிள் எதுன்னு இப்ப யாராவது கேட்டா, என்னால சொல்ல முடிஞ்ச பதில் அதுதான்.

உங்க தம்பியோ தங்கச்சியோ இந்த மாதிரி ஏதாவது கேட்டா, கூகிளைத் திறக்கிறதுக்கு முன்னாடி, எதுக்குக் கேக்குறேன்னு ஒருதடவை கேட்டுருங்க. எனக்கு அதுக்கு மூணு நாள் ஆச்சு. அதுக்குள்ள தாத்தா கம்பியைக் கட்டியிருந்தா?